கழசலில் வந்த கூம்புச் சங்கு: வாளியில் வைத்து வளர்க்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கடலூர் முதுநகரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். நான் வெள்ளி கடற்கரையில் சிப்பி மாலை, சங்கு விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் துறைமுகத்தில் கழசல் (வலையில் வரும் விலைபோகாத சில்லறை மீன்) கொட்டிய இடத்திலிருந்து ஒன்பதாவது படிக்கும் என் மகன் உள்ளங்கை நீளத்தில் ஒரு சங்கை எடுத்து வந்தான். காலி ஓடு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கடல் தண்ணீர் பிடித்து வாளியில் போட்டிருந்தான். ராத்திரி பார்த்தால் அதிலிருந்து குழாய் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது! மீன் குஞ்சு போட்டான், தொடவே இல்லை. என் தங்கை பையன் ஒரு வீடியோவைக் காட்டினான். ‘தொட்டால் சாவு, உலகத்தில் மருந்தே கிடையாது’ என்று அதில் சொல்கிறார்கள். வீட்டுக்காரரோ, ‘இருபது வருசமா மடி வலையில வருது, யாருக்கு என்ன ஆச்சு’ என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி? கொட்டிவிட்டால் ஜிப்மரில் மருந்து இருக்குமா? கடையில் இருக்கும் காய்ந்த சங்குகளையும் தூக்கிப் போட வேண்டுமா? படம் அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். அந்த வாளிக்குள் யாரும் கை விடக் கூடாது. தண்ணீர் மாற்றுவதற்காகக்கூட வேண்டாம். மேலே பலகை போட்டு மூடி, அதன்மேல் கனமாக எதையாவது வைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காற்றுக்குழாய் இல்லாத வாளித் தண்ணீரில் அது அதிக நாள் தாங்காது. வீட்டுக்காரர் அடுத்த முறை தொழிலுக்குப் போகும்போது வாளியோடு கொண்டுபோய், கரையை விட்டு நன்றாக விலகியதும் அப்படியே கவிழ்த்துவிடட்டும். நடுவில் வெளியே எடுத்தே தீர வேண்டும் என்றால் நீளக் காம்புள்ள ஜல்லிக் கரண்டியால் எடுங்கள். அந்தக் கரண்டியை மறுபடி வடைக்குப் பயன்படுத்த வேண்டாம், அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்தேன். கனமான ஓடு, அகலமான தோள், மேலே பழுப்புத் தோல். அந்தத் தோல் உரிந்த இடத்தில் மஞ்சள் நிறமும் கரும்புள்ளி வரிசையும் தெரிகின்றன. இது கூம்புச் சங்கு என்னும் கடல் நத்தை வகை, அதில் கோனஸ் பெட்டுலினஸ் என்ற இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மணல் தரையில் வாழ்வது, புழு தின்பது. உங்கள் மகன் போட்ட மீன் குஞ்சை அது சீண்டாததற்கு அதுதான் காரணம். புழு தின்னும் இனங்கள் மனிதரைக் கொட்டினால் பெரும்பாலும் குளவி கொட்டினதுபோல வலி, வீக்கம், மரமரப்போடு போய்விடும். ஆனால் ஒரே படத்தை வைத்து நான் சொல்லும் இனப்பெயரை நம்பி அதைக் கையில் எடுத்துவிடாதீர்கள். கூம்புச் சங்குகளில் 900-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் விஷம் உண்டு. ஒன்றுக்கொன்று முகச்சாயலும் உண்டு.

சரி, வீட்டுச் சண்டைக்கு வருவோம். வீடியோ சொல்வதும் தவறு, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் பாதிதான் சரி.

தொட்டாலே சாவு என்பது பொய். இதன் விஷம் தோலில் பட்டு ஏறுவதில்லை, குத்தி உள்ளே செலுத்தினால்தான் ஏறும். முந்நூறு ஆண்டுப் பதிவுகளைத் துழாவினாலும் உலகம் முழுக்க இதனால் இறந்ததாகக் கிடைப்பவர்கள் சில டஜன் பேர்தான். நம் மாவட்டத்தில் ஒரே ஆண்டில் பாம்புக்கடியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நினைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. அந்தச் சாவுகளிலும் அடையாளம் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற ஒரே இனத்தின் வேலை. அது மீன் பிடித்துத் தின்னும் ஜாதி, பவளத்திட்டுகளில் வாழ்வது. கடலூர், புதுச்சேரிக் கரையில் நமக்கு இருப்பதோ மணலும் சேறும். இழுவை மடியில் மணிக்கணக்காக மீனோடு மீனாக நசுங்கி வரும் சங்கு, ஓட்டின் ஆழத்துக்குள் சுருண்டு கிடக்கும். மேலே கொட்டிய உடனே அதற்குச் சண்டை போடத் தெம்பு இருக்காது. இருபது வருடமாக ஒன்றும் ஆகாததற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டுக் கடலில் மீன் தின்னும் கூம்புச் சங்கே கிடையாதா என்றால், உண்டு. கோனஸ் அகாட்டினஸ் மீன் தின்பது. நத்தை தின்னும் கோனஸ் டெக்ஸ்டைல் மன்னார் வளைகுடாப் பக்கம் கிடைப்பது, மனிதச் சாவுகளில் அதன் பெயரும் அடிபட்டிருக்கிறது. படகுக்குக் கடலில் எல்லைக்கோடு இல்லை, நத்தைக்கும் இல்லை. அதனால் ‘ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். கழசல் பிரிக்கிறவர்களின் கையில் என்ன குத்தியது என்று யாரும் எழுதி வைப்பதும் இல்லையே. கெளுத்தி முள், திருக்கை வால், நண்டு, சொறி (ஜெல்லி மீன்) என்று நாளெல்லாம் குத்தும் வேலையில், எது குத்தியது என்று யார் பார்க்கிறார்கள்?

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வீடியோ இல்லை. ‘காலி ஓடு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். கடலிலேயே பிழைக்கும் குடும்பம் நீங்கள், நீங்களே அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. முள் சங்கையோ வெண்சங்கையோ எடுத்துப் பாருங்கள். உயிர் உள்ளே இருந்தால் வாயை அடைத்துக்கொண்டு ஒரு மூடி இருக்கும். மூடியைப் பார்த்ததும் உயிருள்ளது என்று சொல்லிவிடலாம். கூம்புச் சங்குக்கு அந்த மூடி ஒரு சின்ன நகத் துணுக்கு அளவுதான். வாயை மூட அது உதவாது. வாயும் ஓட்டின் முழு நீளத்துக்கு ஓடும் ஒரு குறுகிய கீறல்தான். விலங்கு உள்ளே இழுத்துக்கொண்டால் அந்த இடுக்கில் இருட்டைத் தவிர எதுவும் தெரியாது. குலுக்கினாலும் சத்தம் வராது. தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. வீடியோவில் காட்டுவது பளபளப்பாகத் தேய்த்து மெருகேற்றிய ஓடு. உயிரோடு இருக்கும்போது பல இனங்களின் மேல் மெல்லிய பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும். அந்த அழகான கோலமெல்லாம் அதற்கடியில் மறைந்திருக்கும். வீடியோ பார்த்து ‘கோலம் போட்டது ஆபத்து, அழுக்காக இருப்பது சாது’ என்று உங்கள் மகன் முடிவு கட்டியிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள். அழுக்குத் தோலோடு, பாசி பிடிக்காமல், ஓரம் சிதையாமல் இருப்பதில்தான் உயிர் இருக்க வாய்ப்பு அதிகம். நிறம் வெளுத்து, ஓட்டை விழுந்து, வாயின் உட்பக்கம் கொட்டலசு (பாறையில் ஒட்டி வளரும் சின்ன ஓட்டுயிர்) ஒட்டியிருந்தால் நத்தை செத்து நாளாகியிருக்கும்.

அந்தத் தோலைச் சுரண்டப் போய்த்தான் ஒருவர் செத்தார். 1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரம் உள்ள ஹேமன் தீவில் நடந்தது. 27 வயது இளைஞர் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் உயிருள்ள கூம்புச் சங்கு ஒன்றைக் கண்டெடுத்தார். வாய் உள்ளங்கையில் படும்படி ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கத்தியால் மேல்தோலைச் சுரண்டினார். அப்போது உள்ளங்கையில் குத்தியது. சின்ன ஊசிப் புள்ளிதான் தெரிந்தது. வலியே இல்லை, லேசான மரமரப்பு மட்டும். பத்து நிமிடத்தில் உதடு விறைத்தது. இருபதாவது நிமிடம் பார்வை மங்கி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அரை மணியில் கால்கள் செயலிழந்தன. ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பியது. சுமார் ஐந்து மணி நேரத்தில் உயிர் போனது. அது ஜியோகிராஃபஸ் இனம்.

வலி இல்லை என்பதைக் கவனியுங்கள். தேள் கொட்டினால் கத்துகிறோம், ஊரே கூடிவிடுகிறது. இது சில சமயம் அந்த வாய்ப்பைக்கூடத் தராது. கையில் சங்கோடு இருந்தவர் ‘உதடு என்னமோ மாதிரி இருக்கு’ என்று சொன்னால் அது கிளம்ப வேண்டிய நேரம்.

எதனால் குத்துகிறது என்று உங்கள் மகன் கேட்பான். மற்ற நத்தைகளுக்கு நாக்கில் அரம் போலப் பல்வரிசை இருக்கும், பாசியைச் சுரண்டித் தின்னும். கூம்புச் சங்கில் அந்தப் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து, பாயைச் சுருட்டினாற்போல உள்ளே குழலாகச் சுருண்டு, நுனியில் கொக்கியோடு இருக்கும். இப்படிப் பற்கள் ஒரு பையில் தயாராகக் கிடக்கும். வேட்டைக்கு ஒன்றை எடுத்துத் தும்பிக்கை போல நீளும் வாயின் நுனியில் பொருத்திக்கொள்ளும். விஷப்பை சுருங்கி விஷத்தைக் குழல் வழியே தள்ளும். ஒரு பல் ஒரு குத்துக்குத்தான், அடுத்த குத்துக்குப் புதிய பல். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவில் முடிந்துவிடும் வேலை.

அவன் ராத்திரி பார்த்த குழாய் பெரும்பாலும் இந்தத் தும்பிக்கையாக இருக்காது. அது மூச்சுக் குழல். ஓட்டின் குறுகிய முனையிலிருந்து எந்நேரமும் நீட்டிக்கொண்டு, தண்ணீரை இழுத்து மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். தும்பிக்கை அதற்குக் கீழே, இன்னும் மெல்லிசாக, இரை பக்கத்தில் வந்தால்தான் தலை நீட்டும். சிலர் ‘அகலமான பின்பக்கத்தைப் பிடித்தால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்லித் தருவார்கள். நம்பாதீர்கள். சில இனங்களின் தும்பிக்கை வளைந்து ஓட்டின் பெரும்பகுதியை எட்டும். கையால் பிடிக்கப் பத்திரமான இடம் என்று இதில் எதுவும் கிடையாது. மெல்லிய ரப்பர் கையுறையையும் பல் துளைக்கும்.

அடுத்து மருந்து. ஜிப்மரில் மட்டுமில்லை, ஆஸ்திரேலியாவிலும் இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. வீடியோ சொன்னதில் அந்த ஒரு வரி உண்மை. ஆனால் விஷமுறிவு இல்லை என்றால் வைத்தியமே இல்லை என்று அர்த்தமில்லை. இந்த விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தடுக்கிறது. மூச்சுத் தசை வேலைநிறுத்தம் செய்வதால் மூச்சு நிற்கிறது, ஆள் சாவது அதனால்தான். விஷத்தின் பிடி தளரும் வரை, மணிக்கணக்கோ ஓரிரு நாளோ, வென்டிலேட்டர் வைத்து மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கட்டுவிரியன் கடித்தவர்களுக்கு நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகச் செய்வதுதான் இது. 1935-இல் அந்தத் தீவில் இல்லாத வசதி இன்று கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் கோரிமேட்டு ஜிப்மரிலும் இருக்கிறது. எது பக்கமோ அங்கே போங்கள்.

அங்கே போய் ‘ஏதோ கடித்துவிட்டது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இமை தொங்கி, நாக்கு குழறி ஒருவர் வந்தால் இரவுப் பணியில் இருக்கும் டாக்டருக்கு முதலில் பாம்புதான் நினைவுக்கு வரும். பாம்புக்கடி ஊசி நான்கு வகைப் பாம்புகளுக்காகச் செய்தது. இதற்கு அதனால் பயனில்லை, ஒவ்வாமைதான் மிச்சமாகலாம். ‘கடல் கூம்புச் சங்கு குத்தியது, இத்தனை மணிக்கு’ என்று சொல்லி, போனில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். சங்கையே கொண்டு போனால் மூடியுள்ள டப்பாவில்.

அதுவரை செய்ய வேண்டியது அழுத்தக் கட்டு. அகலமான எலாஸ்டிக் கட்டுத்துணி, இல்லையென்றால் கிழித்த சேலையோ வேட்டியோ போதும். குத்திய இடத்தின் மேல் தொடங்கி, பிறகு விரல் நுனிப் பக்கமிருந்து கை முழுக்க, சுளுக்குக்குக் கட்டுவதுபோல இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே மேலே போக வேண்டும். கயிறு போல ஒரே இடத்தில் இறுக்கக் கூடாது. விரல் நுனி நீலமாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குச்சி வைத்துக் கட்டி அந்தக் கையை அசையாமல் வையுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். கெளுத்திக்கும் திருக்கைக்கும் சுடுதண்ணீரில் கையை வைப்பீர்கள், அது அங்கே நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் அந்த விஷம் சூட்டில் சிதையும். இதன் விஷம் சிறிய, முடிச்சுப் போட்டாற்போன்ற புரதத் துணுக்குகள், சூட்டுக்கு எளிதில் சிதைவதில்லை. வலி குறையலாம். ஆனால் தண்ணீர் காய்ச்சுகிறேன் என்று நேரத்தைக் கடத்திவிடாதீர்கள்.

மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். ஆள் கட்டை மாதிரி கிடப்பார், கண் திறக்காது, கூப்பிட்டால் பதில் வராது. ஆனாலும் காது கேட்டுக்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் நின்று ஒப்பாரி வைக்க வேண்டாம், ‘ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டே இருக்கோம்’ என்று பேசிக்கொண்டே ஊதுங்கள்.

படகில் நடந்தால் என்ன என்பதுதான் எனக்குக் கவலை. கரைக்கு வர மணிக்கணக்காகும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை உங்கள் வீட்டுக்காரரும் மற்ற ஆட்களும் போனில் ஏற்றி வைத்திருக்கட்டும். சிக்னல் இல்லாத தூரத்தில் படகு வயர்லெஸ்ஸான விஎச்எஃப் கருவியில் 16-ஆம் சேனல். கட்டுப் போட்டுவிட்டு, ஆள் மாற்றி ஆள் மூச்சைக் கவனித்துக்கொண்டே கரையை நோக்கி வர வேண்டும். கழசலைக் கையால் துழாவாமல் கட்டையாலோ சுரண்டியாலோ பிரிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இதற்கு மட்டுமில்லை, கெளுத்திக்கும் நல்லது. அழகாக இருக்கிறதே என்று சங்கை லுங்கி மடிப்பிலோ சேலை மடியிலோ செருகுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். உடம்போடு ஒட்டி வைத்தால் அதற்குக் குத்த வசதி செய்து கொடுத்ததாகிவிடும்.

கடையில் இருக்கும் காய்ந்த சங்குகளைத் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே சதை இல்லாத, காய்ந்து நாற்றம் போன ஓடு வெறும் சுண்ணாம்பு. குழந்தை வாயில் வைத்தாலும் விஷம் ஏறாது. ஆனால் சங்கு கொண்டுவந்து தருகிறவர்களிடம் சதையோடு இருப்பதை வாங்காதீர்கள். செத்த விலங்கின் பையிலும் விஷம் தோய்ந்த பற்கள் இருக்கும், ஊசி வைத்துச் சதையைக் குடைந்து எடுக்கிறவர் கையில் அவை ஏறலாம். வியாபாரத்தில் இன்னொரு விஷயம். 2001-இலிருந்து சில சங்கு, சிப்பி இனங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. கூம்புச் சங்கில் கோனஸ் மில்னிஎட்வர்ட்சி அதில் உண்டு, சுருள் ஓடுள்ள நாட்டிலஸும் உண்டு. இவற்றை விற்றால் ஓடுதானே என்று விட மாட்டார்கள். வனத்துறையில் பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மகன். அவனைத் திட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், போதும். காலி ஓடு என்று பெரியவர்கள் விட்டதை ராத்திரி விழித்திருந்து பார்த்து, குழாய் வந்ததைக் கவனித்து, தீனி போட்டுச் சோதித்தும் இருக்கிறான். கடல் உயிரியல் படிக்கிறவர்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். அவனுக்கு ஒரு சேதி சொல்லுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா இந்த நத்தைகளின் விஷத்தை ஆராயத் தொடங்கினார். பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் மெக்கின்டாஷ் என்ற மாணவர், கோனஸ் மேகஸ் இனத்தின் விஷத்திலிருந்து ஒரு துணுக்கைப் பிரித்தெடுத்தார். அதே அமைப்பில் செயற்கையாகச் செய்ததுதான் ஸிகோனோடைட் என்ற வலிமருந்து. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மார்ஃபினுக்கும் அடங்காத வலி உள்ளவர்களுக்கு முதுகுத்தண்டு நீரில் நேராகச் செலுத்துகிறார்கள், மார்ஃபின் போல அடிமைப்படுத்தாது. ஜியோகிராஃபஸ் மீனை மயக்க இன்சுலினையே ஆயுதமாக விடுகிறது என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். மீனின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, நீந்த முடியாமல் தள்ளாடுமாம். நம் தென்கிழக்குக் கரையில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் போன்ற இனங்களின் விஷத்தையும் பெங்களூரில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வாளியை மூடி வைத்திருக்கும் நாட்களில் அவன் பார்க்கலாம், இரண்டடி தள்ளி நின்று, டார்ச் அடித்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க. குழாய் எத்தனை மணிக்கு வெளியே வருகிறது, கண் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று நோட்டில் எழுதட்டும். மீன் குஞ்சைப் போட்டுத் தண்ணீரை நாறடிக்க வேண்டாம். நம் மாவட்டத்திலேயே, பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி, மாணவர்களை அழைத்துப்போய்ப் பார்க்க அனுமதி கேட்டுப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். படங்களையும் நோட்டையும் கொண்டு போகட்டும், வாளியோடு பஸ் ஏற வேண்டாம்.